ஞானேந்திரனின் கடைசி வாளி

ஞானேந்திரன் இறந்த அன்று, செயின்ட்-மிஷேலில் அவர் குடியிருந்த வீட்டின் பேஸ்மென்ற்றில் இருபது லீற்றர் பியர் நொதித்துக்கொண்டிருந்தது.

டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தவர். பெப்ரவரி மாதக் காலையொன்றில் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியில் குந்தியவர், பிறகு எழும்பவில்லை. சுவாமியார் வந்து சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. சாகுமுன் சுவாமியார் எண்ணெய் பூசும் நோயில்பூசுதல் கிடைக்காமல் போய்விட்டாரே என்பதுதான் மனைவி செலீனுக்கு ஆறாத துக்கம்.

வாளியின் நினைவே அவளுக்கு வரவில்லை. அடக்கம் முடிந்து நாலாம் நாள், உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கினாள். வாளியின் மூடியில் செருகியிருந்த சின்னக் குழாய் ‘பிளக்’ என்று ஒரு குமிழி விட்டது. செலீன் படியிலேயே இருந்துவிட்டாள். அவர் தொடங்கிவைத்த ஒன்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

உயிரோடு இருந்தபோது அந்த வாசத்துக்காகவும் ஓயாத போத்தல் கழுவலுக்காகவும் அவரோடு சண்டை பிடிக்காத கிழமை இல்லை.

“ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு கழுவ மாட்டினம். என்ர சட்டி பானையை ஒருநாள் இப்பிடிக் கழுவினீங்களே?”

“உன்ர கறிக்கு உயிரில்லை, செலீன். இதுக்கு இருக்கு. ஈஸ்ற் பாவம், வேற கிருமி வந்தா அதால சண்டை பிடிக்கேலாது. பதினொரு வருசம், ஒரு போத்தல் பழுதாப் போனதெண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம்!”

வேலையில் அவரை யாரும் மெச்சியதில்லை. சொந்த வீடும் வாங்கவில்லை. அந்தப் பதினொரு வருடம்தான் மனிதரின் பெருமை.

அவரோடு வேலை செய்த நிஷான் அடுத்த நாள் வந்தான். கையைக் கழுவி, கிருமி கொல்லும் தண்ணீரில் குழாயை நனைத்து, வாளியிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சுவைத்தான். கண் கலங்கிவிட்டது.

“அக்கா, அருமையா வந்திருக்கு. அண்ணையின்ர கையெல்லோ. ஞாயிற்றுக்கிழமை வந்து போத்தலில அடைச்சுத் தாறன்.”

“அவற்ர முப்பத்தோராம் நாளுக்குக் குடிக்கலாமோ?”

“ஓம், கணக்கா இருக்கும்.”

ஞாயிறு வரை அவளால் பொறுக்க முடியவில்லை. தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று ஒரு தவிப்பு. வெள்ளிக்கிழமை காலை கீழே போனாள். சுவரில் அவர் எழுதி ஒட்டிய தாள் இருந்தது. ‘முதல் கழுவு. பேந்து கிருமித் தண்ணி. நுரைக்குப் பயப்பிடாதை. அலசாதை. துடையாதை. விரல் விடாதை. கவிட்டு வை.’

தாலியையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தாள். ஐம்பத்துநாலு போத்தல். நுரையோடு கவிழ்த்து வைப்பதற்கு மனம் ஒப்பவில்லை. வாழ்நாள் முழுக்கக் கோப்பை துடைத்த கை துவாயைத் தேடிப் போனது. கையை இழுத்துக்கொண்டாள். போத்தலில் நுரை வருவதற்குச் சீனித் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவிட்டு, வாளியில் ஊற்றினாள். எல்லாம் அவர் சொன்னபடிதான்.

செலீனை நீங்கள் குறை நினைக்கக் கூடாது. அவள் மன்னார்க்காரி. மாதா படத்துக்குப் பின்னால், சின்னத் துணி முடிச்சில் மடு மண் வைத்திருந்தாள். மடு மாதா கோயில் மண். காய்ச்சல் என்றாலும் கலக்கம் என்றாலும் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுப்பார்கள். ஞானேந்திரனே எத்தனையோ தரம் குடித்திருக்கிறார். கண்ணை மூடி ஒரு அருள்நிறை மரியே சொல்லி, ஒரு சிட்டிகையை வாளிக்குள் போட்டாள். அது அழுக்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தாளிலும் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஐம்பத்துநாலு போத்தலையும் நிரப்பி மூடினாள்; ஞாயிறு வந்த நிஷானுக்கு வேலை மிஞ்சவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, மத்தியானம் வீடு நிறையச் சனம். நிஷான் முதல் போத்தலைத் திறந்தான். நுரை சீறிக் கூரையில் அடித்தது.

“ஞானம் வந்திட்டான்ரா!” என்று ஞானேந்திரனின் தமையன் கிருபானந்தன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு. செலீனும் சிரித்தாள்.

பிறகு குடித்தார்கள்.

கிருபானந்தன் கிளாசை மெல்லக் கீழே வைத்தார். மனதில் ஒன்றும் வைத்திருக்கத் தெரியாத மனிதர்.

“வினாகிரி மாதிரிக் கிடக்கு. கடைசியில மனுசனுக்குக் கை தளந்து போச்சுப்போல. எங்கையோ வடிவாக் கழுவேல்லை.”

செலீன் நிஷானைப் பார்த்தாள். வாளியில் இருந்தபோது சுவைத்தவன் அவன். பிழை எப்போது நடந்தது என்று அவனுக்குத் தெரியும். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“விடுங்கோ அண்ணை. ஆருக்கும் ஒருநாள் பிழைக்குந்தானே.”

தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒருவரும் அவளைக் கேட்கப் போவதில்லை. செத்தவரும் மறுக்கப் போவதில்லை.

“அவர் கழுவினவர்,” என்றாள். “அவற்ர வேலையில ஒரு பிழையும் இல்லை. நான்தான் மடு மண் போட்டனான். சாகேக்க அவருக்கு ஒண்டும் குடுக்கேலாமப் போச்சு. இதிலயாவது இருக்கட்டுமெண்டு போட்டனான்.”

“பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளு,” என்றார் கிருபானந்தன்.

“என்னட்டைக் கேக்காதேங்கோ. அவரிட்டைக் கேளுங்கோ.”

அவர் எழும்பி ஞானேந்திரனின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். என்ன சொன்னாரோ தெரியாது, கனநேரம் நின்றார்.

சனம் போன பிறகு செலீன் கேட்டாள்.

“ஒண்டே ஒண்டை வச்சிருக்கட்டே, நிஷான்? குடிக்க இல்லை. சும்மா.”

“இல்லை அக்கா. உள்ளுக்க நொதிக்கிறது நிக்காது. வெடிச்சுப் போடும்.”

ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் ஊற்றினார்கள். அவள் சண்டை பிடித்த அந்த வாசம் வீடு முழுக்க ஏறியது. இந்தமுறை அவள் யன்னலைத் திறக்கவில்லை.

கடைசிப் போத்தலும் முடிந்ததும் நிஷான் பெட்டியை எடுத்தான், போத்தல்களைக் கொண்டுபோய் எறிய. செலீன் தடுத்தாள். போத்தல்களோடு கீழே போய்த் தாளுக்கு முன்னால் நின்று, முதலில் கழுவினாள், பிறகு கிருமித் தண்ணீரில் நனைத்தாள். அலசவில்லை. துடைக்கவில்லை. ஐம்பத்துநாலையும் நுரையோடு கவிழ்த்து வைத்தாள்.

நிஷானும் இறங்கி வந்து, வெறும் வாளியைக் கழுவ எடுத்தான்.