சுவரைப் பார்த்து நின்றவர்கள்

கண்ணாடிக் கடைக்காரர் ‘சுமார்’ என்று சொல்லிவிட்டால், அப்படிச் சொல்லப்பட்ட சிம்பொனி இசைக்குழு நடத்துநர் மறுநாள் காலைக்குள் அவர் வீட்டுக்கு வந்து, கறுப்புக் கோட்டோடு சுவரைப் பார்த்து நின்றுவிடுவார். முதலில் வந்தவர் கூடத்து ஜன்னலோரம் நின்றார். பால் பாக்கெட்டை எடுக்க எழுந்த கடைக்காரரின் மனைவி அவரிடம் பேசிப் பார்த்தாள். பதில் வராததால் சுற்றிக்கொண்டு போய்ப் பாலை எடுத்து வந்தாள். பிறகு வந்தவர்களும் முதுகைத்தான் காட்டினார்கள், வேலை பார்த்த காலமெல்லாம் சபைக்குக் காட்டியதும் அதைத்தானே. யாரும் சாப்பாடு கேட்கவில்லை. பாதிப் பேர் எப்போதோ செத்துப்போனவர்கள். அது அவர்கள் வருவதற்குத் தடையாக இல்லை. வீடு நிறைய நடத்துநர்கள் என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் எந்த ரூட்டு பஸ் என்று விசாரித்தார். விவரம் தெரிந்ததும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

பகல் முழுவதும் கடைக்காரருக்கு ஒரே வேலை. உட்கார்ந்திருப்பவரின் மூக்கின்மேல் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா?” என்று கேட்பார். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் கடையை மூடியதும் நேராக நாற்காலி. ஒரே சிம்பொனி, இரண்டு ரெக்கார்டு. ஒருவர் கையில் ஒரு பகுதியைக் கேட்பார், அதே பகுதியை இன்னொருவர் கையில் கேட்பார், தீர்ப்பு சொல்வார். அவருக்கு விசில்கூட ஒழுங்காக வராது. ஆனால் பெரிய பெரிய அரங்குகளில் ஜனம் எழுந்து நின்று கைதட்டியவர்களையெல்லாம் அவன் இவன் என்றுதான் பேசினார். இவன் முரசு வருகிற இடத்தில் பதறிவிட்டான், அவன் மெதுவான பகுதியில் குறட்டை விட்டுவிட்டான். அவர் வாயில் விழாமல் தப்பியவர் ஒருவர்தான். அவரை மட்டும் மரியாதையாகப் ‘பெரியவர்’ என்பார். மற்றபடி மனைவியின் காபியை அவள் தங்கையின் காபியோடும், மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளையை வாய்க்காத மாப்பிள்ளையோடும் ஒப்பிட்டார். மனைவி தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே கடைச் சட்டையின் காலரைப் புகழ்ந்தார். இப்படிப்பட்டவரைத்தான் அந்தத் தெரு ரசிகர் என்று சொன்னது.

வருடங்கள் போயின. கூடம் நிரம்பியது, நடை நிரம்பியது, மகளின் பழைய அறை நிரம்பியது. மனைவி அவர்களோடு ஒத்துப்போகப் பழகிக்கொண்டாள். அவசரக்காரர் என்று கடைக்காரர் திட்டிய ஒருவரை அடுப்படிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்; பால் பொங்குவதற்குச் சற்று முன்னால் அவர் கை தானாக உயர்ந்தது. தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கியவர் கையை அசைத்தால் மகளின் கைக்குழந்தை தூங்கிவிட்டது. கடைக்காரரோ அந்தக் கையசைப்பிலும் தாளம் இடிக்கிறது என்றார். கடைசியில் நடத்துநர்கள் மனைவியின் தையல் அறைக்கும் வந்தார்கள். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மிஷினுக்கு முன்னால் அவள் உட்காரும் இடம் ஒன்றுதான் மிச்சம்.

“இன்னும் ஒருத்தர் வந்தா, மிஷினைத் தூக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்? இதெல்லாம் ரசனை.”

“ரசிச்சா யாரும் வரமாட்டாங்களேங்க. ஒருத்தரையாவது ரசிங்களேன்.”

அதற்கு அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கத்திக்கொண்டே, கையில் இருந்த இரண்டு ரெக்கார்டுகளையும் அட்டை மாற்றிச் சொருகினார். பெரியவருடையது ‘கடிகாரம்’ என்று அவர் பட்டம் கட்டியவரின் அட்டைக்குள் போனது, கடிகாரத்துடையது பெரியவரின் அட்டைக்குள் வந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இவ்வளவு பெரிய காதுக்கு இதுகூடவா தெரியாமல் போகும் என்று இருந்துவிட்டாள். ரெக்கார்டின் நடுவில் சின்ன எழுத்தில் பேர் உண்டு. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர் வீட்டில் கண்ணாடி போடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். அவர் படித்ததெல்லாம் அட்டையைத்தான்.

சில நாள் வாயைக் கட்டிப்போட்டுப் பார்த்தார். முடியவில்லை. யாரையாவது மட்டம் தட்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. கடிகாரம் ஏற்கெனவே நடையில் நிற்கிறான். அவனையே திரும்பத் திட்டினால் புதிதாக யார் வரப்போகிறார்கள்? மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பெரியவரின் அட்டையிலிருந்து எடுத்ததை முதலில் போட்டார். கண்ணை மூடினார். மெதுவான பகுதியில் அழுதேவிட்டார். “இதுதான். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல” என்றார். கடிகாரத்தின் அட்டையிலிருந்து எடுத்ததைப் போட்டதும் உதட்டைப் பிதுக்கினார். “மரக்கட்டை. இவனைச் சுமார்னு சொல்றதே அதிகம்.”

மறுநாள் காலை தையல் மிஷினுக்கு முன்னால், அவள் உட்காரும் இடத்தில், பெரியவர் நின்றுகொண்டிருந்தார். நரைத்த தலை, வளைந்த முதுகு, அட்டைப் படத்தில் இருப்பதைப் போலவே. நடையில் கடிகாரம் நின்ற இடம் காலியாக இருந்தது. புகழ்ந்தால் போய்விடுவார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடத்தில் வந்து நின்றவர்களில் ஒருவரையும் யாரும் புகழவில்லை என்பதால் தெரிய வழியில்லாமல் போயிருந்தது.

“அட்டையை மாத்தி வச்சு என்னை அவமானப்படுத்திட்டே” என்றார் கடைக்காரர்.

“மாத்தி வச்சது நீங்க. போகட்டும். எல்லாரையும் ஒரு தடவை நல்லாருக்குன்னு சொல்லிடுங்க. நான் உக்காந்து தைக்கணும்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

அவள் பெரியவரின் முதுகைப் பார்த்தாள், பிறகு தன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கடையில் லென்ஸ் மாட்டிக்கொண்டவர்கள் பார்ப்பதுபோல நிதானமாக மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

“நீங்க சுமார்தாங்க” என்றாள்.

அடுத்த நாள் காலை அவர் நடையில், கடிகாரம் விட்டுப்போன இடத்தில், சுவரைப் பார்த்து நின்றார். கோட்டு இல்லை, அவள் தைத்த சட்டைதான். வலது கை பாதி உயர்ந்திருந்தது. அதன்பின் அவள் சாயங்காலங்களில் தைத்துக்கொண்டே ரெக்கார்டு போட்டாள், ஒரு நாளைக்கு ஒன்று, ஒப்பிட இன்னொன்று கிடையாது. முடிந்ததும் “நல்லாருக்கு” என்பாள். பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், பெரியவர் தலையை லேசாகத் தாழ்த்திவிட்டுப் போனார். தையல் அறைக்கு வெளிச்சம் திரும்பியது. அடுப்படிக்காரரை மட்டும் மழைக்காலம் முடியும்வரை வைத்துக்கொண்டு, பிறகு மனசில்லாமல் அனுப்பினாள்.

ஒரு நாள் குழந்தையோடு வந்த மகள், நடையில் நின்றபடி, “அப்பாவையும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடேம்மா, பாவம்” என்றாள்.

“பொய் சொல்லச் சொல்றியா?” என்றாள் அம்மா. கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து, வழக்கம்போல அவர் கையில் மாட்டிவிட்டு, காபி போடப் போனாள்.