ஒன்பது மணிக்கு முன்னால்

ஆள் எண்ணுகிற வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு நாற்காலி, ஒரு தொப்பி, அமுக்கினால் எண் கூடுகிற சின்னக் கருவி, ஒரு படிவம். படிவத்தில் ஆண், பெண். மலாய், சீனர், இந்தியர், மற்றவர்கள் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது.

எங்கள் அடுக்குமாடியிலிருந்து ரயில் நிலையத்துக்கு, பணக்காரக் குடியிருப்பின் மதிலை ஒட்டி ஒரு நடைபாதை உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கத்தார் அதை மூடச் சொல்கிறார்கள். யாராவது நடக்கிறார்களா என்று நகராட்சிக்காரர்கள் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பார்களாம்.

அந்த நேரத்தில் அங்கே பூனைதான் நடக்கும். எங்கள் பெண்கள் விடிகாலை ஐந்தரைக்கே துப்புரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பாதையை மூடினால் மேம்பாலத்துக்கு அடியில் சுற்றிப் போகவேண்டும். போன வருஷம் அங்கேதான் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் எங்களோடு வேலைக்கு வருகிற சல்மா அக்காவின் கைப்பையைப் பிடித்து இழுத்தான். பையோடு வலது தோளும் போயிற்று.

"நான் அஞ்சு மணிக்கே வந்து உக்காந்துக்கறேன் மிஸ்," என்று நகராட்சி அதிகாரி லியானாவிடம் கெஞ்சினேன்.

"ஒம்போது மணின்னுதான் உத்தரவு அக்கா. சுத்து வழி பத்தே நிமிஷம்தான். வரைபடத்துல பாத்துட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது சல்மா அக்காவோ சிரித்தாள். "போடி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. சனிக்கிழமை எம் பொண்ணு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கள ஸ்டேஷன்லயே எறங்கச் சொல்லிட்டேன். கொட்டடிச்சுக்கிட்டு இந்த வழியா வரட்டும் லா!"

வந்தார்கள். முன்னால் ஜிகினாப் பூக்கொத்து, பின்னால் கொம்பாங் என்கிற கைமேளக் கொட்டு. யார் எந்த இனம் என்று பார்க்க எனக்கு ஏது நேரம்? அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கியது. இருநூற்றுப் பதினாலு!

லியானா மத்தியானம் வந்து பார்த்தாள். "கல்யாண ஊர்வலம் சேராது அக்கா. கணக்குலேருந்து அடிச்சிடுங்க."

படிவத்தில் கோடு போட்டு அடித்தேன். மிஞ்சியது ஒன்பது பேர்.

சல்மா அக்கா கல்யாண உடுப்போடு லியானாவுக்குச் சோற்றுத் தட்டைக் கொண்டு வந்தாள். "சாப்பிடாமப் போகக் கூடாது மா."

நீட்டியது இடது கையால். லியானாவின் முகம் சுருங்கியது. விருந்தாளிக்கு இடது கையால் கொடுக்கிற பழக்கம் எங்களைப் போலவே லியானா மாதிரி மலாய்க்காரர்களுக்கும் கிடையாது.

"தப்பா நினைக்காத மா. இந்தக் கை தூக்க வராது."

"என்ன ஆச்சு?"

"மேம்பாலத்துக்கு அடியில," என்றாள் சல்மா அக்கா. லியானா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு நாங்கள் பாதையில் இறங்கும்போது மேம்பாலப் பக்கமிருந்து ஓர் உருவம் ஓட்டமும் நடையுமாக வந்தது. லியானா. கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"சுத்து வழி இருபத்தாறு நிமிஷம் அக்கா. ஒருத்தன் பின்னாலயே வந்தான்..."

சல்மா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்கு நேரமாகியும் யாரும் நகரவில்லை. லியானா மூச்சு வாங்கி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். உள்ளே ஆள் எண்ணுகிற அந்தக் கருவி இருந்தது.

"நடங்க அக்கா," என்றாள் சல்மாவைப் பார்த்து. "உங்ககிட்டேருந்து ஆரம்பிக்கறேன்."