சிவப்பு மையில் ஒரு வரி

...இந்த அய்யாசாமி அண்ணன் மின்விசிறிப் பேச்சை விட்டு இறங்குவதாக இல்லை, பெண்கள் வார்டில் மூன்று ஓடவில்லையாம், ஆண்கள் வார்டில் ஓடுகிறதாம் ஆனால் காற்று வரவில்லையாம், "ஊரு ஒலகத்துக்கெல்லாம் நெய்வேலியிலேருந்து கரண்டு போவுது, இங்க நோயாளி விசிறிமட்டையால விசிறிக்கினு கெடக்கான் சார்" என்று அவர் சொன்னதும் மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள், தனபாக்கியமும் சிரித்துவைத்தாள். சுரங்கத்தில் கால் நசுங்கி எட்டு மாதம் இங்கே கிடந்தவர் அவர், பேச உரிமை உண்டு. தனக்கு என்ன உரிமை? போன வருஷம் டைபாயிடில் இருபத்திரண்டு நாள் படுத்திருந்தாள், ஒரு குறை சொல்லி வாய் திறக்கவில்லை, அதனாலேயே பிடித்துப் போட்டிருப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு யோசனை சொல்ல நோயாளிகளும் குடும்பத்தாருமாக நான்கு பேர் கொண்ட குழு, அதில் வாயில்லாப் பூச்சி ஒன்று வேண்டாமா... வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். புருஷன் சண்முகசுந்தரம் கேட்கவில்லை. "சும்மா போயிட்டு வா பாக்கியம், காப்பி குடுப்பாக, ஒரு கையெழுத்துப் போடு, நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா டாக்டருக்கு முகம் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்துவிட்டார். காப்பி வந்தது, ஆடை படிந்து ஆறியும் போனது, அவள் தொடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் வெளிநோயாளிகள் கூடம், பெயர் கூப்பிடுகிற சத்தம் அப்படியே கேட்கிறது, யாரோ ஒருத்தியின் பெயர், அப்புறம் அவள் புருஷன் பெயர், அப்புறம் அவன் வேலை நம்பர்... அன்றைக்கும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். தனபாக்கியம், சண்முகசுந்தரம் சம்சாரம். பெஞ்சிலிருந்து எழுந்து போனவள் வள்ளியம்மாள். பக்கத்துக் கிராமம் வடக்குத்திலிருந்து நடந்து வந்து நான்கு வருஷமாக வீட்டில் பாத்திரம் தேய்த்தவள், அவள் புருஷன் கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் காண்டிராக்ட் ஆள், சண்முகசுந்தரம் வெட்டுகிற அதே மண்ணைத்தான் அவனும் வெட்டுகிறான், ஆனால் பெர்மனெண்ட் ஆளின் பெண்டாட்டிக்குத்தான் ஆஸ்பத்திரியில் காட்ட மெடிக்கல் புக், காண்டிராக்ட் பெண்டாட்டிக்கு வாசலிலேயே தடுக்கிற வாட்ச்மேன். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களையிலேயே அவள் உட்கார்ந்துவிட்டபோது என்ன செய்திருக்க வேண்டும்? தன் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள், அதில் படமா இருக்கிறது, பெயரும் வயதும்தானே, வயதும் ஏறக்குறைய ஒன்றுதானே, குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஊரே இப்படித்தான் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது, கொடுக்காத வீட்டைத்தான் கஞ்சம் என்றார்கள். அவளுக்குத் தன் பழைய வாயல் புடவையைக் கட்டிவிட்டு, தலைவாரிப் பொட்டு வைத்து, கூடவே நடந்துவந்து, வழியெல்லாம் பாடம் நடத்தினாள். பேச்சில் வடக்குத்து வாடை வரும், நீ வாயைத் திறக்காதே, வயிற்றைக் காட்டு, டாக்டர் கேட்பதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற மாதிரி அத்தனை பெருமையாக இருந்தது, புண்ணியம் செய்கிறோம் என்கிற திமிர், வேறென்ன.

அன்றைக்கு இருந்த சின்ன டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். எழுபத்தாறாம் வருஷத்துப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர் என்று, கீழே முத்திரை. அவளே மறந்துபோன வரி. தன் வயிற்றில் தழும்பு இருக்கிறதே என்று குளிக்கும்போதுகூட நினைப்பதில்லை, புத்தகம் நினைவில் வைத்திருந்தது. "ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கதானேம்மா?" என்று அவர் கேட்க, வள்ளி தலையை ஆட்டினாள். "நாளெல்லாம் சரியா வருதா?" அதற்கும் ஆட்டினாள். அப்புறம் அவர் ஏன் கர்ப்பத்தைச் சந்தேகப்படப் போகிறார், வயிற்றுப் புண் என்று மாத்திரை எழுதினார், அவரைச் சொல்லி என்ன. மூன்றாம் நாள் காலையில் அவளைக் கடலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வடலூர் தாண்டும்போதே பேச்சு நின்றுவிட்டதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் கொளஞ்சியப்பன் வாசலில் வந்து நின்றான், துவைத்து மடித்த வாயல் புடவையோடு. "கரு பையில தங்காம கொழாயில தங்கிக்கினு வெடிச்சிடுச்சாம்மா. நாப்பது நாளு தள்ளிப் போயிருந்துச்சாம். நீங்க புக்கு குடுத்து ஒதவுனீங்க, எங்க நேரம், யாரு என்னா செய்யறது" என்று கையெடுத்துக் கும்பிட்டான். திட்டியிருக்கலாம். புடவையை மூஞ்சியில் வீசியிருக்கலாம். கும்பிட்டுவிட்டுப் போனான், பாவி, அந்தக் கும்பிடு இன்னும் வாசலிலேயே நிற்கிறது, கோலம் போடக் குனிந்தால் நிற்கிறது. புடவை பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது.

"அடுத்தது மெடிக்கல் புக்" என்றார் பெரிய டாக்டர் கருணாகரன், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. விசிறிப் பேச்சு எப்போது முடிந்தது? "வெளியாளுங்க நம்ம புக்கைக் கொண்டுவந்து வைத்தியம் பாத்துக்கிறாங்கன்னு புகார் வந்துகிட்டே இருக்கு. இனிமே ஒவ்வொருத்தருக்கும் போட்டோ ஒட்டி முத்திரை குத்திடலாம்னு இருக்கோம். உங்க யோசனையச் சொல்லுங்க." அய்யாசாமி அண்ணன் உடனே, "செய்யுங்க சார், நம்ம சனத்துக்கே மாத்திரை பத்தல" என்றார், இவ்வளவு நேரம் நோயாளிக்காக உருகிய அதே வாய். போட்டோ ஒட்டினால் இன்னொரு வள்ளி இன்னொருத்தியின் வரியைச் சுமந்துகொண்டு சாகமாட்டாள். சரிதான். புத்தகமே இல்லாமல் வாசலில் சாவாள். அதைச் சொல்ல வேண்டும். காண்டிராக்ட் ஆட்களின் வீட்டுப் பெண்களுக்கும் சொந்தப் பெயரில் ஒரு சீட்டுக் கொடுங்கள், அவளவள் வயிற்றை அவளவள் பெயரில் பாருங்கள், அவ்வளவுதான், இரண்டு வாக்கியம், காலையிலிருந்து மனதுக்குள் உருட்டி வைத்த இரண்டு வாக்கியம். சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். தெரிந்ததைச் சொன்னால் புத்தகம் யாருடையது என்பார்கள். அப்புறம் வீட்டுக்காரருக்கு மெமோ, விசாரணை, வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், பெரியவள் இந்த வருஷம் பத்தாவது... நான்கு வருஷம் பாத்திரம் தேய்த்தவளுக்காகவா என்று கேட்பார். கேட்கமாட்டாரா? தானே கேட்டுக்கொள்கிறாளே, இதோ, அவர் கேட்பதற்கு முன்னால். சீ.

"நீங்க ஒண்ணும் சொல்லலையேம்மா" என்று டாக்டர் திரும்பினார், நல்ல மனிதர், காத்திருந்தார், பேனாவோடு கிளார்க்கும் காத்திருந்தார். தொண்டை வரைக்கும் வந்தது, உதடுகூடப் பிரிந்தது. "போட்டோ ஒட்டலாம்ல?" தனபாக்கியம் தலையை ஆட்டினாள். கிளார்க் எழுதிக்கொண்டார், ஏகமனதாக. இத்தனை சுலபமாக ஆடுகிறதே இந்தத் தலை, யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு... அன்றைக்குப் பெயர் கூப்பிட்டபோது வள்ளி சட்டென்று எழுந்து போய்விடவில்லை, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், "அக்கா, ஒண்ணு சொல்லணுங்க" என்றாள், ஆமாம், சொன்னாள், இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த நினைவு, "எல்லாம் அப்புறம் சொல்லலாம், கூப்பிடுறாங்க போ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டது யார்? நாற்பது நாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்ததா? டாக்டர் முன்னால் உட்கார்ந்து, வாய் வரைக்கும் அதைக் கொண்டுவந்துவிட்டுத்தான் தலையை ஆட்டினாளா, பாடம் சொன்னபடி, தன் புத்தகத்துக்கு ஒரு கெடுதலும் வராமல்? சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள், யாரும் எழுந்துபோகிற சத்தம் கேட்கவில்லை.