மூப்பர் போட்ட ஜெபம்

துணிக்கடைக்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். சபையின் வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் மூப்பர் போட்டிருந்த வாய்ஸ் நோட் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே, நம்ம துணிக்கடை பிரதரோட அக்கா மகள், மனசு உடைஞ்சு, மனநல வார்டுல, மூணாவது மாடியில, ஜன்னலோரக் கட்டில்ல..."

கடவுளுக்கு வழி தெரியாதென்று நினைத்தாரோ என்னவோ, கட்டில் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டார் மனிதர்.

ஜெபிக்க மட்டும் என்று காலையில் மூப்பரிடம் ரகசியமாகச் சொன்னது இவர்தான். "யாருக்கும் தெரியாதுன்னாதான் இங்க தங்குவேன் மாமா" என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். அவளும் அதே குழுவில் இருக்கிறாள். வார்டில் மாலையில்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். அதற்குள் அழித்தாக வேண்டும்.

அழுகிய பழத்தில் ஈ மொய்ப்பதுபோல் ஆமென் மொய்த்தது. "எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னா பாரத்தோட ஜெபிக்கலாம்" என்றார் ஒரு சகோதரி. "காதல் விஷயமா?" என்று கேட்டு, கூடவே கும்பிட்ட கைகள் எமோஜியையும் போட்டிருந்தது இன்னொன்று. துணிக்கடைக்காரர் கத்தரிக்கோலை வீசினார். மூப்பரை அழைத்தார்.

"பிரதர், அதை உடனே எடுங்க."

"ஜெபத்தையா அழிக்கச் சொல்றீங்க? பரலோகத்துக்குப் போனது போனதுதான்."

"அங்க போனது இருக்கட்டும். குரூப்புக்குப் போனதை எடுங்க."

"எத்தனை பேர் மனசு உருகிப் பாரப்படுறாங்க பாருங்க..."

"ஆள் அடையாளம் இல்லாம பாரப்படட்டும்!"

பேரம் இழுத்து இழுத்து, மூப்பர் ஒருவழியாக இறங்கி வந்தார். "சரி, அழிச்சாச்சு. என் போன்ல இல்லை."

"என் போன்ல இருக்கே!"

எல்லோருக்கும் அழிப்பதற்குப் பதிலாகத் தனக்கு மட்டும் அழித்துக்கொண்டிருந்தார் பெரியவர். இனி அவராலும் முடியாது. குழுவுக்கு வேறு அட்மினும் கிடையாது. "கர்த்தருடைய சித்தம் பிரதர்" என்றார் நிம்மதியாக.

தன் விரல் செய்த பிழைக்குக் கர்த்தரைப் பொறுப்பாளியாக்கும் வாய்! சாக்கடையில் கால் வைத்தவர்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

போய்ச் சேர்வதற்குள் மாலையாகிவிட்டது. அவள் பையைக் கட்டிவைத்து, செருப்பும் போட்டு உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது.

"கட்டில் எந்தப் பக்கம்கிறது வரைக்கும் சொல்லியாச்சு. யார் மாமா சொன்னது?"

"நான்தான்மா."

வாயை வைத்தே வியாபாரம் செய்தவர் போனை எடுத்தார். அவள் கண்முன்னாலேயே குழுவிலிருந்து வெளியேறினார்.

"சரக்கு மொத்தத்தையும் வித்துட்டுக் கடையை மூடுறீங்களா?"

அதற்குள் அவள் போன் முனகியது. மூப்பரின் புது வாய்ஸ் நோட்.

"பின்வாங்கிப்போன துணிக்கடை பிரதருக்காக, அவரோட கோப ஆவிக்காக, ஆண்டவரே..."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, பின்னாலேயே அழுகையும்.

"இப்போ உங்களையும் வித்துட்டாரு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். செருப்பைக் கழற்றவில்லை.

"காலையில டாக்டர் வர்ற வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல கேட்காதீங்க."

அவர் கேட்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக, சொன்ன விலைக்கே தலையாட்டினார்.