எட்டுப் பேருக்கு அனுமதி

வாசலில் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு வண்டி இல்லை, இரண்டு. பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

சமையலறை மேசையில் பூங்காவின் வரைபடத்தை விரித்து வைத்திருந்த டெல்பர்ட், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். முதல் வண்டியிலிருந்து ஆர்லிண்டா பெரியம்மா இறங்கிக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா? உன் சொந்தக்காரங்களா?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஹால்வர்சன்.

"ஆமா சார். சும்மா வந்திருப்பாங்க."

ஹால்வர்சன் அவனுடைய முதலாளி. அல்புகர்க்கியில் அவர் நடத்தும் கார் விற்பனைக் கடையில் மேலாளர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்காரப் போவது யார் என்று அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு தேசியப் பூங்காவிலுள்ள பழங்கால மலைக்குகை வீடுகளைப் பார்க்கப் போவதாகவும், ஊரே பார்க்கிற இடத்தைப் பார்த்து என்ன பெருமை என்றும் மட்டும் ஒருநாள் சொன்னார். டெல்பர்ட் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பூங்காவில் பூட்டி வைத்த வீடு ஒன்று உண்டு. பாறை சரியும் என்பதால் சுற்றுலாக்காரர்களை விடுவதில்லை. அதைக் கட்டியவர்களின் வழிவந்த, டெல்பர்ட்டைப் போன்ற பியூப்லோ பழங்குடி ஊர்க்காரர்கள், முன்னோரைக் கும்பிட வேண்டும் என்று ஊர் அலுவலகம் மூலம் கேட்டால் ஒருநாள் திறந்துவிடுவார்கள். எட்டுப் பேருக்குத்தான் அனுமதி.

ஊர் அலுவலகத்தில் இருந்த சிப்ரியானோ மாமாவுக்கு டெல்பர்ட் போன் போட்டான். "நம்ம பெரியவங்களைப் போய்ப் பாக்கணும் மாமா. மனசு அடிச்சுக்குது" என்றான். வருடக்கணக்காக ஊர்த் திருவிழாவுக்கே தலைகாட்டாதவன் இப்படிச் சொன்னதும் மாமா பூரித்துப்போனார். யார் யார் வருகிறார்கள் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எட்டில் ஓர் இடம் டெல்பர்ட்டுக்கு. மீதி ஏழும் ஹால்வர்சன் குடும்பத்துக்கு.

கதவைத் திறந்ததும் மண் அடுப்பு ரொட்டியின் வாசனைதான் முதலில் உள்ளே வந்தது. பின்னாலேயே பெரியம்மா.

"கதவு திறக்க இவ்வளவு நேரமா? கடன் கேக்க வந்தவங்க மாதிரி வெளியே நிக்க வச்சுட்டியே. தள்ளுடா, பாத்திரம் சுடுது!"

அவளுக்குப் பின்னால் சிப்ரியானோ மாமாவும் இரண்டு சித்திகளும் மிளகாய்க் குழம்புப் பாத்திரங்களோடு நுழைந்தார்கள். ஹால்வர்சன் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் எழுந்து நிற்பதற்குள் அவர் முன்னால் தட்டு வந்துவிட்டது.

"ஜூலைப் பயணத்தைப் பத்தி உக்காந்து பேச வேணாமா? அதான் வந்தோம்" என்றாள் பெரியம்மா தங்கள் மொழியில். "நான், உன் மாமா, சித்திங்க ரெண்டு பேர், அவளுங்க பசங்க மூணு, நீ. கணக்கு சரியா இருக்குல்ல?"

"பெரியம்மா..." என்றான் டெல்பர்ட். "அங்க ஏணி செங்குத்தா இருக்கும். உங்க முட்டிக்கு ஆகாது."

மாமா சிரித்துவிட்டார். "அதை ஏன் கேக்கிற! நீ போன் பண்ண அன்னைலேர்ந்து இவ தினம் காலைல மொட்டைமாடி ஏணில ஏறி இறங்குறா. வேடிக்கை பாக்க தெருவுல கூட்டமே கூடிடுது."

"நீ சிரி. ஏறிட்டேனா இல்லியா?" பெரியம்மா பாவாடையைச் சற்று உயர்த்தி, முழங்காலில் கட்டியிருந்த பட்டையைப் பெருமையாகக் காட்டினாள். "அங்க ஆள் இருக்குடா. நம்ம பாட்டன் பூட்டனுங்க. எத்தனை நாளா பாத்துக்கிட்டிருக்காங்களோ. வெறுங்கையோட போக முடியுமா? ரொட்டி நான் சுடறேன்."

டெல்பர்ட் தரையைப் பார்த்தான். அந்தப் பட்டையைப் பார்க்க அவனால் முடியவில்லை.

இவர்கள் பேசியது ஹால்வர்சனுக்குப் புரியவில்லை. ரொட்டியைக் குழம்பில் தோய்த்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, பிரமாதம்! ஜூலைல நாங்க போறப்ப இதுல நாலு குடுப்பீங்களா?"

"எங்க போறப்ப?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் பெரியம்மா.

"டெல்பர்ட் சொல்லலியா? அந்தப் பூட்டின வீட்டுக்குத்தான்! நான், என் மனைவி, பசங்க மூணு பேர், மாமனார், மாமியார். சாமி கும்பிடணும்னு சொல்லி அனுமதி வாங்கிட்டான். கெட்டிக்காரன்!"

சித்திகளில் ஒருத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். மாமா தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அனுமதில இருக்கறது என் கையெழுத்து" என்றார் மெதுவாக.

பெரியம்மா குழம்புப் பாத்திரத்தை அருகே இழுத்தாள். ஹால்வர்சனின் தட்டு காலியாக இருந்தது. இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். சிந்தாமல், நிதானமாக. அவள் திட்டியிருந்தால் டெல்பர்ட் தாங்கியிருப்பான்.

"சார்," என்றான். "நாம அங்க போகல. அது இவங்க போற இடம். நான் பொய் சொல்லி வாங்கிட்டேன்."

"அப்ப நாங்க?"

"எதிர்ல இன்னொரு மலை இருக்கு. அங்கேர்ந்து பாத்தா வீடு தெரியும். நானே கூட்டிட்டுப் போறேன்."

ஹால்வர்சன் வாயைத் துடைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை ஆபீஸ்ல பேசுவோம்" என்று எழுந்தார். அந்தத் தொனி டெல்பர்ட்டுக்குப் பழக்கமானது. வாங்காமல் போகிற வாடிக்கையாளரிடம் அவர் பேசும் தொனி. அவர் வாசலைத் தாண்டுமுன் பெரியம்மா ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தனுப்பினாள்.

நாற்காலி போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று நிம்மதி வருமென்று பார்த்தான். வரவில்லை. முகமெல்லாம் எரிந்தது.

"எட்டாவது இடத்துக்கு வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க பெரியம்மா. அங்க வந்து நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. நான் எதிர் மலையிலேயே நின்னுக்கறேன்."

பெரியம்மா மேசையில் கிடந்த வரைபடத்தை மடித்து அவனிடம் நீட்டினாள்.

"நில்லு. ஆனா, அங்க இருக்கறவங்க எதிர்ல நிக்கறது யாருன்னு கேட்டா, நான் என்னடா பதில் சொல்லட்டும்?"