இலைக்கோழியை எழுப்பியவர்கள்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான் சூ-யுன்னின் கதை. பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா தூக்கியே வயதானவள் அவள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் பெரும்பங்கை ஒரு பழைய டெலிபோட்டோ லென்ஸில் போட்டாள். கைக்குழந்தை கனம் கனக்கும் லென்ஸ். பறவைப் படம் எடுக்கிறவர்கள் அதைப் பீரங்கி என்பார்கள். பீரங்கி வந்துவிட்டது. அதை முக்காலியின்மேல் தாங்கி நிற்கிற தலைக்குத்தான் காசு மிஞ்சவில்லை.

அவளிடம் இருந்தது சாதாரண உருண்டைத் தலை. திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், பேருந்தில் தூங்குகிறவன் தலைபோல லென்ஸ் பொத்தென்று முன்னால் கவிழும். கவிழாமல் பிடித்துப் பிடித்து வலது தோள் இரவெல்லாம் குடைந்தது. "இனிமே இந்தக் கையால பாரம் தாங்கினா அப்புறம் தலை சீவக்கூடத் தூக்க முடியாதும்மா" என்று எலும்பு வைத்தியர் சொல்லிவிட்டார். ஒன்று, லென்ஸின் பாரத்தைத் தானே சுமந்து சுழலும் கிம்பல் தலை வாங்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸை விற்றுவிட வேண்டும்.

விற்க மனம் வரவில்லை. மகன் வடக்கே ஷின்சூ நகரத்தில் இருந்தான். புத்தாண்டுக்கு வருவான், சோறு தின்றுவிட்டுப் போவான். மற்ற நாட்களில் அவளோடு பேச மனிதர்கள் இருந்தது குவான்தியென் குளக்கரையில் மட்டும்தான். காலையில் அங்கே பீரங்கிகள் வரிசையாக நிற்கும். லென்ஸ் இல்லாமல் அந்த வரிசையில் போய் நிற்க முடியுமா? கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் போன மாதிரி இருக்கும்.

அந்த வரிசைக்குப் பெரியவர் பான். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். யாருக்கு டயர் பஞ்சரானாலும், யார் பேரனுக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நிற்கிற மனிதர். சூ-யுன்னின் தோள்வலியைக் கேட்டதிலிருந்து அவளுடைய முக்காலியை வண்டியிலிருந்து கரைக்கு அவர்தான் சுமந்து வருவார்.

"கவலைய விடு தங்கச்சி. நல்ல கம்பெனித் தலை வாங்கணும்னா ரெண்டு மாசப் பென்ஷன் போயிரும். கடலுக்கு அந்தப் பக்கம் செய்ற தலைன்னா அதுல கால் பங்கு விலைதான். சிலது தேறும், சிலது தேறாது. போட்டுப் பாத்துத்தான் எடுக்கணும். காவ்சியோங் ஊர்ல லாய்னு ஒருத்தன் ரெண்டு தலை விக்கிறான். வரச் சொல்லியிருக்கேன்" என்றார் பான்.

ஆடி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு காலையில் லாய் வந்தான். பருத்த, சிரித்த முகக்காரன். இரண்டு தலைகளையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஒன்று அரைத் தலை: பழைய உருண்டைத் தலையின் மேலேயே மாட்டிக்கொள்வது, விலை குறைவு, எடையும் குறைவு. மற்றது முழுத் தலை: வளைந்த கை ஒன்று லென்ஸைத் தொட்டிலில் போட்ட மாதிரி ஏந்திக்கொள்ளும். விலை கொஞ்சம் கூட. மத்தியானத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றான் லாய். தைனானில் இன்னொருவர் மத்தியானம் பார்க்க வருகிறாராம்.

அவர்கள் நின்றது ஆ-லியென் என்கிற பெண்ணின் குளத்தங்கரை. எருமைக் கொம்பு போலக் கருப்பாகக் காய் காய்க்கும் நீர்க்கொடி அந்தக் குளம் முழுக்கப் படர்ந்திருந்தது. நடுவில் ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் சிவப்புத் துணி. அங்கே இலைமேல் இலைக்கோழி முட்டையிட்டிருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் மருந்து தெளிக்காதீர்கள் என்பதற்காக ஆ-லியென் நட்டுவைத்த குச்சி அது. நீண்ட வால் இலையின்மேல் கிடக்க, இறக்கையைத் தாழ்த்தி, நான்கு முட்டைகளுக்கும் நிழல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஆண் பறவை. அந்த இனத்தில் பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த குளத்துக்கு அடுத்த துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை.

"என் வீடும் இப்படித்தான். அவ சீட்டு விளையாடப் போயிருவா. நான்தான் சோறாக்கணும்" என்றான் லாய்.

"நீ ஆக்கின சோத்தத் தின்னுட்டுத்தான் அவ வீடு தங்குறதில்ல" என்றார் பான். வரிசை முழுக்கச் சிரித்தது. சூ-யுன்னும் சிரித்தாள்.

முதலில் அரைத் தலையை மாட்டினார்கள். பறவை உட்கார்ந்திருக்கும்வரை அது பரவாயில்லாமல்தான் தெரிந்தது.

"உக்காந்திருக்கிற பறவைய எந்தத் தலையும் காட்டும் அக்கா. பறக்கிறப்பதான் தலையோட குணம் தெரியும்" என்றான் லாய்.

காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. ஆண் பறவை அசையவில்லை. அந்த வெயிலில் அது அசையக் கூடாது என்பதுதான் அதற்கு விதித்த விதி. லாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பான் குனிந்து கரையிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்தார்.

"அண்ணே, பாவமில்லையா?" என்றாள் சூ-யுன்.

"மேலயா போடப் போறேன்? பக்கத்துல தண்ணியில போடுவேன். ஒரு வட்டமடிச்சிட்டு வந்து உக்காந்துக்கும். நீ கண்ண வியூஃபைண்டர்ல வை."

மண்கட்டி விழுந்தது. பறவை எழும்பியது. வெள்ளை இறக்கைகள் விரிந்த அந்த நொடியில் சூ-யுன் லென்ஸைத் திருப்பினாள். அரைத் தலை வெட்டி வெட்டித் திரும்பியது. கீழே இருந்த உருண்டை நழுவி எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்தது. கண்ணாடிக்குள் வெறும் வானம்.

"இது வேண்டாம், கழட்டு" என்றார் பான்.

பறவை திரும்பி வந்து உட்கார்ந்ததும் முழுத் தலையை மாட்டி, மறுபடி மண்கட்டி. இந்த முறை தலை வெண்ணெயாகத் திரும்பியது. ஆனால் லென்ஸின் மூக்கு கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. பான் தலையில் அடித்துக்கொண்டார். "என் தப்பு. சமன் பாக்கல. தங்கச்சி, லென்ஸ இப்படி முன்ன பின்ன நகத்திப் பூட்டணும். கைய விட்டாலும் விட்ட இடத்துலயே நிக்கணும். இப்ப விட்டுப் பாரு."

கையை விட்டாள். அத்தனை பாரமும் காற்றில் தங்கியது. ஒற்றை விரலால் தள்ளினால் போன பக்கம் போய் நின்றது. தோளில் ஒரு வலியும் இல்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் கை அவளுடையதாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த மகிழ்ச்சியில்தான் அவள் அதைச் சொன்னாள்: "அண்ணே, இன்னொரு தடவை."

பறவை அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தது. பான் எறிந்தார். பறவை எழும்பியது. இம்முறை இறக்கை முனையிலிருந்து வால் நுனிவரை கண்ணாடிக்குள் அடங்கியது. கரையே கைதட்டியது. "அக்கா எடுத்துட்டாங்கடா!" என்று கத்தினார்கள். "நாங்களும் எடுத்துக்கிறோமே" என்று யாரோ சொல்ல, வரிசைக்காக மேலும் சில தடவை மண்கட்டிகள் விழுந்தன. கடைசியில் பறவை குச்சிப் பக்கம் இறங்கவே இல்லை. பூனைபோலக் கத்திக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. உச்சி வெயிலில் நான்கு முட்டைகளும் இலைமேல் திறந்து கிடந்தன. சூ-யுன் அவற்றைப் பார்க்கவில்லை. கேமராத் திரையில் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பான் தன் தண்ணீர்ப் போத்தலை அவளிடம் நீட்டி, லாயிடம் அவளுக்காக விலையைக் குறைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நல்ல மனிதர்கள் சேர்ந்து செய்கிற தீங்குக்குச் சத்தமே இருப்பதில்லை.

அடுத்த நாட்களில் வரிசை வேறு குளங்களுக்குப் போயிற்று. சூ-யுன் மட்டும் முக்காலியைத் தானே மெதுவாகச் சுமந்து அங்கேயே வந்தாள். புதுத் தலை அவ்வளவு அழகாக அசையாமல் நின்றது. அதனாலேயே அவளால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. ஆண் பறவை உட்கார்ந்திருந்தது. முட்டைகளை அலகால் புரட்டியது. மழையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் குளத்தில் குஞ்சுகள் வெளிவந்து, குச்சிக் கால்களால் இலைமேல் ஓடத் தொடங்கிய பிறகும் இது உட்கார்ந்தே இருந்தது. சூ-யுன் கோயிலுக்குப் போய்க் கருணைத் தெய்வமான குவான்யின் தாய் முன்னால் ஊதுபத்தி வைத்தாள். எதைக் கேட்பது என்று தெரியாமல் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு காலை குச்சிப் பக்கம் பறவை இல்லை. ஆ-லியென் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் இது பொரிக்கல அக்கா. வெயில் ரொம்ப. இல்லைன்னா பக்கத்துல எங்க வயல்ல அடிச்ச மருந்தான்னு தெரியல. என் வீட்டுக்காரரோட சண்டைகூடப் போட்டேன், நீதான் காத்து அடிக்கிறப்ப தெளிச்சிருப்பேன்னு. அவரு ரெண்டு நாளா எங்கூடப் பேசல" என்றாள்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சூ-யுன் சொன்னாள். "உன் வீட்டுக்காரர் இல்ல. நாங்கதான். மண்ண எறிஞ்சு எழுப்பினோம், உச்சி வெயில்ல. எனக்காக. இந்தத் தலைய வாங்கலாமான்னு பாக்க. இன்னொரு தடவைன்னு நான்தான் கேட்டேன்."

ஆ-லியென் கையிலிருந்த குச்சியின் சேற்றைத் தண்ணீரில் அலசினாள்.

"நேத்து வரைக்கும் உக்காந்திருந்துச்சு" என்றாள். திட்டியிருந்தால் சூ-யுன்னுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது கரையில் பேச்சுச் சத்தம் கேட்டது. பானும் வரிசை ஆட்களும் புதிதாக ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார்கள். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் தலை தேடுகிறாராம்.

"தங்கச்சி, நம்ம ஃபாங் சாருக்கு உன் தலையக் கொஞ்சம் காட்டேன். குறைஞ்ச விலையில இதுமாதிரி கிடைக்காதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன். அதோ அந்த மூலைக் குளத்துல இன்னொண்ணு அடைகாக்குது, அங்க பறக்கவிட்டுப் பாத்துரலாம்" என்றார் பான்.

"தலையக் கழட்டித் தரேன், வீட்டுக்கே எடுத்துட்டுப் போய்ப் பாக்கட்டும். பறவைய எழுப்ப வேணாம் அண்ணே. இங்க நாலு முட்டையும் போச்சு."

"வெயிலுக்குப் போயிருக்கும்மா."

"வெயிலுக்கு விட்டது நாம."

பானின் முகம் சுருங்கியது. கோபம் இல்லை, அடிபட்ட முகம். "உனக்குச் செஞ்சப்ப இனிச்சுதே. இன்னொருத்தருக்குச் செய்றப்பதான் பாவமாத் தெரியுதோ?"

அது உண்மை. "ஆமா அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"வாங்க சார், வேற ஆள்கிட்டயும் தலை இருக்கு" என்று பான் நடந்தார். மற்றவர்கள் அவளைப் பார்க்காமல் அவர் பின்னால் போனார்கள். ஒருவன், "தன் படம் கிடைச்சதும் சாமியாராயிட்டாங்க" என்றான், அவள் காதில் விழ வேண்டும் என்றே.

சற்று நேரத்தில் மூலைக் குளத்திலிருந்து கைதட்டல் கேட்டது. பறவையை எழுப்புகிற கைதட்டல். தொடர்ந்து பூனைபோல ஒரு கத்தல்.

சூ-யுன் லென்ஸைக் கழற்றப் பார்த்தாள். கழற்றி, பையில் வைத்து, முக்காலியை மடக்கி வலி பிடித்த அந்தத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைத் தடுக்கப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படியே விட்டுப் போனால் இந்தத் திறந்த கரையில் அவளுடைய ஆயுசுக் காசு அநாதையாக நிற்கும். கை திருகிலேயே நின்றது.

சேறு சொட்டச் சொட்ட ஆ-லியென் கரையேறி வந்தாள். லென்ஸைப் பார்த்தாள், சூ-யுன்னைப் பார்த்தாள். தன் தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றி, வெயில் படாமல் லென்ஸின் மேல் கவிழ்த்தாள்.

"நீ போக்கா. நான் நிக்கிறேன்" என்றாள்.

சூ-யுன் மூலைக் குளத்தை நோக்கி வரப்பின்மேல் நடந்தாள். பிறகு, அந்த வயதில் முடிந்த அளவுக்கு, ஓடினாள்.