யாரும் ஏறாத ராணுவ லாரி

நரம்பியல் மருத்துவமனையின் முன்மேசையில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“இன்சூரன்ஸ் கார்டு?”

“இல்லைங்க மேடம். நான் ஆர்மி ரிசர்வ்ல இருக்கேன்.”

“அப்போ முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“போனேன். நீ போருக்கே போனதில்லையே, மாசத்துக்கு ஒருதரம் பயிற்சிக்கு வர்ற ஆள்தானேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது.”

டெரல் ஹாஸ்கின்ஸ் நகர்ந்தான். வாசலில் காரில் காத்திருந்த மனைவி ஜோலீன் அவன் முகத்தைப் பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள். இப்போதெல்லாம் அவள்தான் கார் ஓட்டுகிறாள்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன் டெரல். அந்த வேலையில் காப்பீடு கிடையாது. ரிசர்வ் படையினருக்கென்று ஒரு காப்பீடு உண்டு. குளிர்காலத்தில் வேலை நின்றபோது அவனால் அதற்குக் கட்ட முடியாமல் போயிற்று. விட்டவன் மறுபடி சேர ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். நோய் அதுவரை காத்திருக்கவில்லை.

போன மாதப் பயிற்சியில், உச்சிவெயிலில், லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். கண் விழித்தபோது வாயெல்லாம் ரத்தம். நாக்கைக் கடித்திருந்தான். மரிசோல் என்ற இளம் சிப்பாய் அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அவனுடைய குழு முழுவதும் நின்றது. அடுத்த வாரம் சமையலறையில் ஜோலீன் கண்ணெதிரே மறுபடியும் அதேபோல் விழுந்தான். அவசரப் பிரிவில் ஓர் ஊசியைப் போட்டு, “இது வலிப்பு மாதிரி இருக்கு, நரம்பு டாக்டரைப் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூரை முதலாளியோ, “மேல ஏறி விழுந்து என் தலையில கேஸைப் போடாதே” என்று வேலையை விட்டே நிறுத்திவிட்டான்.

மிச்சமிருந்தது ஒரே வழி. பணியில் இருக்கும்போது நோய் வந்தது என்று நிரூபணமானால் வைத்தியம் ராணுவத்தின் பொறுப்பு. அதை அவனுடைய மேலதிகாரி சொல்ல வேண்டும். மேலதிகாரி சார்ஜென்ட் பிளெவின்ஸ். அன்று தண்ணீர்கூடக் கொடுக்காமல் வேலை வாங்கியவனும் அவன்தான்.

“நீ தடுக்கி விழுந்தே, ஹாஸ்கின்ஸ். அவ்வளவுதான்” என்றான் பிளெவின்ஸ், இந்த மாதப் பயிற்சியின் முதல் நாளில் டெரல் போய்க் கேட்டபோது.

“தடுக்கி விழுந்தா கை கால் வெட்டி இழுக்குமா, சார்ஜென்ட்?”

“இழுத்துச்சா? நீ பார்த்தியா? உனக்குத்தான் நினைவே இல்லையே. நினைவில்லாதவன் சாட்சி சொல்ல வந்துட்டான்.”

பக்கத்தில் நின்ற கார்ப்பரல் ட்விட்டி சிரித்தான். பதவி உயர்வுக்குக் காத்திருப்பவன். அன்று டெரல் விழுந்து துடித்தபோது கால்களைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். டெரல் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தான். ஒருவன் சிகரெட் பற்றவைக்கப் போனான். இன்னொருவன், “நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்ப்பா” என்றான். மரிசோல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மறுநாள் பயிற்சியில், துப்பாக்கி சுடும் திடலுக்குக் கிளம்ப லாரி தயாராக நின்றது. பிளெவின்ஸ் எல்லோர் முன்னாலும் சாவியை டெரலிடம் வீசினான்.

“நீயே ஓட்டு. உனக்கு ஒண்ணுமில்லைன்னு எல்லாரும் பார்க்கட்டும்.”

டெரல் சாவியைப் பார்த்தான். லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டான்.

“நான் தடுக்கித்தானே விழுந்தேன்? அப்போ பயம் எதுக்கு? ஏறுங்க. நெடுஞ்சாலையில வேகமாவே ஓட்டறேன்.”

யாரும் நகரவில்லை.

“ட்விட்டி, நீ முதல்ல ஏறு. நீதான் ஒண்ணையும் பார்க்கலையே.”

ட்விட்டி பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஏறுங்கடா, இது என் உத்தரவு” என்று பிளெவின்ஸ் உறுமினான். அப்போதும் ஒருவரும் ஏறவில்லை.

“நீங்க என் பக்கத்துல உட்காருங்க, சார்ஜென்ட்” என்றான் டெரல். பிளெவின்ஸும் ஏறவில்லை.

லாரி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று பார்க்கக் கேப்டன் வீலன் வந்தார். வரிசையாக நின்றவர்களையும் காலியான லாரியையும் பார்த்துவிட்டு, “என்ன நடக்குது இங்கே?” என்றார்.

பிளெவின்ஸ் வாயைத் திறக்கும் முன் மரிசோல் பேசினாள்.

“ஹாஸ்கின்ஸுக்குப் போன மாசம் இங்கேதான் வலிப்பு வந்துச்சு, கேப்டன். இவர் தடுக்கி விழலை. தலையைப் பிடிச்சுக்கிட்டது நான்தான்.”

“வேற யார் பார்த்தீங்க?”

ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. ட்விட்டியின் கை கடைசியாக எழுந்தது. கேப்டன் டெரலிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். பிளெவின்ஸிடம், “என் அறைக்கு வா” என்று மட்டும் சொன்னார்.

போகிறபோக்கில் பிளெவின்ஸ் டெரலின் காதருகே, “வைத்தியம் கிடைக்கும். வலிப்புக்காரனை ஆர்மி வெச்சுக்காது, அதையும் தெரிஞ்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னதுபோலவே ஆயிற்று. ராணுவச் செலவில் பரிசோதனை நடந்தது, கால்கை வலிப்பு உறுதியானது, மருந்தில் அது அடங்கியது. கூடவே படையிலிருந்து விடுவிப்பும் வந்தது. சீருடையையும் சாமான்களையும் ஒப்படைக்க டெரல் கடைசியாக வந்த அன்று, வாசலில் ட்விட்டி கையை நீட்டினான்.

“மன்னிச்சுக்கோ, ஹாஸ்கின்ஸ். அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் நிலைமை அப்படி.”

டெரல் அந்தக் கையைத் தொடவில்லை.

“லாரியில ஏற மாட்டேன்னு நின்னீங்களே, அப்போவே உங்க எல்லாருக்கும் என் நோய் தெரியும்னு ஆச்சு. உங்க உயிருக்கு ஆபத்துன்னா அது நிஜ நோய். என் உயிரு மட்டும் போறதா இருந்தா, நான் தடுக்கி விழுந்தவன். எனக்கு வைத்தியம் இல்லைன்னு சொன்னது ஆஸ்பத்திரி மட்டும் இல்லை, ட்விட்டி. கண்ணால பார்த்துட்டு வாயை மூடிக்கிட்ட ஒவ்வொருத்தரும்தான் சொன்னீங்க.”

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். ஜோலீன் வண்டியை எடுத்தாள்.